மஞ்சள் போட்டுக் கழுவிய ஈரல்

கோழி ஈரலை மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் தண்ணீர் சும்மா. இரண்டாவதில் உப்பும் மஞ்சளும். மூன்றாவதில் ஒரு மூடி வினாகிரி. நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு வடிதட்டில் போட்டால், மூக்கைக் கொண்டுபோய் வைத்தாலும் வெடுக்கு நாற்றம் இருக்காது. பேர்லினில் பாதி ஆயுளைச் சமையல்காரனாகவே கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நொய்கெல்னில் எங்கள் வீட்டுக் குசினி. நான் கழுவுதொட்டிக்கு முன்னால் நிற்கிறேன். எனக்குப் பின்னால், கதவு நிலையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு யோகண்ணை நிற்கிறார். தூண்டில்கள் இருக்கும் நீளப் பையைத் தோளிலிருந்து இறக்க மாட்டார். இறக்கினால் நான் இன்னும் சுணங்குவேன் என்று அவருக்குப் பயம்.

"டேய் தம்பி, கெதியாக் கழுவு. மீன் என்ன பொம்பிளை பாக்கவே வருது?"

"அரைகுறையாக் கழுவினதை நான் நாய்க்கும் வைக்க மாட்டன் அண்ணை."

"அது சரி. உன்ர கைச்சுத்தம் ஊருக்கே தெரியும்."

நான் சந்தோசத்தோடு இன்னும் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். அந்த மஞ்சளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

யோகண்ணையைப் பற்றி எழுதாமல் இத்தனை வாரமும் இழுத்தடித்தேன். ஆற்றங்கரைக் கதை எங்கே என்று இதழ் ஆசிரியர் இரண்டு தரம் கேட்டார். எழுத அதில் ஒன்றும் இல்லை என்று பொய் சொன்னேன்.

இந்தத் தொடரின் ஆரம்ப அத்தியாயங்களை யோகண்ணை கேட்டவர். வாசித்தவர் அல்ல, கேட்டவர். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து அவருக்கு ஓடிப்போகும். வெள்ளிக்கிழமை தமிழ்க் கடைக்கு இதழ் வந்ததும் அவர் மனைவி தவமணி அக்கா வாங்கிக்கொண்டு போவார். தேத்தண்ணியைக் கையில் கொடுத்து இருத்திவைத்து, உரத்து வாசித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் எனக்கு விமர்சனம் கிடைக்கும்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதிறாய். ஆனா உன்ர கதையில நீ எப்பவும் நல்லவனாவே வாறாயே, அது எப்பிடியடாப்பா?"

நான் சிரித்து மழுப்புவேன்.

ராசியில்லாத மனிசன்

யோகண்ணை என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். விடிய முன்னம் எழும்பி, அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்கிறவர். ஆட்கள் வேலைக்கு வரும்போது இவர் வேலை முடித்து வீட்டுக்குப் போவார். "என்னை அங்க ஒருத்தரும் கண்டதில்லை. மேசை மட்டும் பளபளவெண்டு இருக்கும்" என்பார்.

தனக்கு ராசியில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. அதற்கு அவரிடம் ஆதாரங்களும் இருந்தன. அவரோடு ஒரே கிழமையில் வந்திறங்கியவர்களுக்கெல்லாம் விசா கிடைத்தது. இவருடைய கோப்பு மட்டும் எங்கேயோ காணாமல் போனது. டுல்டுங் என்கிற அந்தத் தற்காலிகக் கடுதாசியில் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் முத்திரை குத்திக் குத்தியே இளமை போய்விட்டது. பிறகு பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை நிரந்தரமானது. நிரந்தரமான அதே மாதம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

"பட்ட காலிலே படும் எண்டு சும்மாவே சொன்னவங்கள்? என்ர காலைப் பாத்துத்தான் சொன்னவங்கள்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிற நாங்களும் சிரிப்போம். சிரித்துச் சொல்கிறவன் அதை நம்பவில்லை என்று நினைத்தோமே, அதுதான் எங்கள் புத்திக் குறைவு.

இந்த நாட்டில் சும்மா போய் ஆற்றில் தூண்டில் போட முடியாது. வெல்ஸ் பிடிக்க வேண்டுமென்றால் அதற்குப் பரீட்சை எழுதி, படம் ஒட்டிய அட்டை எடுக்க வேண்டும். வெல்ஸ் என்பது நாங்கள் கெளிறு என்கிற மீசைக்காரனுக்குப் பெரியப்பன் முறை. ஆள் நீளத்துக்கும் வளரும். யோகண்ணை இரண்டு தரம் பரீட்சையில் தவறினார். மூன்றாம் தரத்துக்கு என் முன்னால் இருந்து ஜெர்மன் மீன் பெயர்களைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினார். பாஸ் பண்ணிய அன்று அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இந்த நாட்டில நான் எழுதிப் பாஸ் பண்ணின ஒரே ஒரு புறூஃபுங். இனி ஒரு கெளிறு பிடிச்சனெண்டா, என்ர சனியன் விட்டிட்டுது எண்டு அர்த்தம்."

விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. ஆனால் மனிசன் அன்றைக்கே பந்தயம் கட்டிவிட்டார். அவருக்கும் அவருடைய ராசிக்கும் நடுவில் ஒரு மீன்.

புழு கேட்டதா?

கெளிற்றுக்கு எந்த இரை என்பதில் ஆற்றங்கரையில் ஆளுக்கொரு வேதம் உண்டு. தடித்த மண்புழுவைக் கொத்தாகக் குத்து என்பார்கள். கணவாய் என்பார்கள், இறால் என்பார்கள், உள்ளி போட்ட சொசேஜ் என்பார்கள். நாறல் சீஸை உருட்டிப் போடுகிற ஒருவனையும் கண்டிருக்கிறேன். அவனுக்குப் பக்கத்தில் இருக்க ஏலாது.

யோகண்ணை மண்புழுவைத் தொட மாட்டார். "உயிரோட நெளியிறதை ஊசியில குத்த என்னால ஏலாதடா" என்றார்.

"அப்ப மீன் பிடிக்கிறது மட்டும் புண்ணியமோ?"

"மீன் தானா வந்து கவ்வுது. புழு கேட்டதே, என்னைக் குத்து எண்டு?"

ஆக, செத்த இரைதான். அதிலும் அவருக்கு ஈரல்தான். கனடாவில் இருக்கிற அவருடைய மச்சான் அந்தப் பக்கத்துக் கெளிறுகளை வாளி வாளியாகப் பிடித்து வாட்சப்பில் படம் அனுப்புவார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே சொல்: கோழி ஈரல். யோகண்ணைக்கு அது மந்திரமாகிவிட்டது. எனக்குக் கணவாயில்தான் நம்பிக்கை. மூன்று கோடைகாலம் இதைச் சொல்லியே சண்டை பிடித்தோம்.

சண்டை எதுவானாலும் இரை தயாரிப்பது நான்தான். ஈரலும் என் தொட்டியில்தான் கழுவப்படும், கணவாயும் என் தொட்டியில்தான் கழுவப்படும். எங்கள் வீடுகளில் மீனோ இறைச்சியோ, பச்சை மச்சம் மஞ்சள் படாமல் குசினியைத் தாண்டாது. அது யோசித்துச் செய்கிற காரியமல்ல, கை தானாகச் செய்யும். மற்றது, குளிர்ப்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் இரை டப்பா இருப்பதால் என் மனைவியின் வாய்க்கும் பயம்.

ஈரல் ஊசியில் நிற்காது, வழுக்கிக்கொண்டு விழும். அதற்கு யோகண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். தவமணி அக்கா முருகன் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர். அந்த வெள்ளை நூலில் ஒரு உருண்டை கொண்டுவந்து, மஞ்சள் ஈரலைச் சுற்றிச் சுற்றி ஊசியோடு கட்டுவார். ஒவ்வொன்றும் கோயில் பிரசாதம் மாதிரி இருக்கும்.

நொய்கெல்னில் ஏறினால் யு ஏழு நிலக்கீழ் ரயில் கடைசித் தரிப்பான ஸ்பண்டாவ்வரைக்கும் போகும். அங்கிருந்து பஸ். பிறகு ஹாவெல் ஆறு. அந்த நீளப் பயணத்தில் எனக்கொரு பெருமை. "பாத்தீங்களே அண்ணை, மடியில ஈரல் டப்பாவோட இருக்கிறம், ஒரு சனமாவது மூக்கைச் சுழிக்குதே?"

ஒருநாள் ரயிலில் அவர் பரீட்சைப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். "கெளிற்றுக்குக் கண் சரியில்லை, தெரியுமோ? கலங்கின தண்ணிக்குள்ள மீசையாலதான் தேடும். உடம்பு முழுக்க நாக்கு மாதிரியாம். எங்க தொட்டாலும் ருசி தெரியுமாம்."

"அப்ப இன்னும் வடிவாக் கழுவ வேணும்" என்றேன் நான். "உடம்பெல்லாம் நாக்கு எண்டா, ஒரு துளி வெடுக்கும் அதுக்குத் தெரியுமே."

அவர் தலையாட்டினார். நானும் என் புத்தியை மெச்சிக்கொண்டேன். இரண்டு விசரர்கள்.

நான் சொன்ன பகிடி

மூன்று கோடையும் யோகண்ணையின் தூண்டிலில் ஒன்றும் விழவில்லை. எனக்கு இடைக்கிடை பாண் உருண்டையில் விரல் நீளத்து வெள்ளை மீன்கள் விழும். அவர் சின்ன மீனுக்குத் தூண்டில் போட மாட்டார். கெளிறுதான். அதனால் எனக்கு ராசி உண்டு, அவருக்கு இல்லை என்று ஒரு கணக்கு உருவாகிவிட்டது. கணக்கை அவர்தான் தொடங்கினார். அதை வளர்த்துவிட்டவன் நான்.

எங்களுக்கு இருபது அடி தள்ளி எப்போதும் கிறிஸ்டா என்றொரு ஜெர்மன் கிழவி மடிப்புக் கதிரையில் இருப்பாள். தலையாட்டி வணக்கம் சொல்வாள், அவ்வளவுதான். மூன்றாவது கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் அவள் புழுக் கொத்துப் போட்டு ஒரு பெரிய கெளிற்றை இழுத்துக் கரையில் போட்டாள். கறுத்த வழவழப்பான உடம்பு. யோகண்ணை எழும்பிப் போய்ப் பக்கத்தில் குந்தி அதைப் பார்த்தார். அதன் மீசையை ஒரு விரலால் தொட்டார். திரும்பி வந்து இருந்தார்.

எனக்கு நாக்கில் சனி.

"அண்ணை, உங்கட தூண்டிலைக் கண்டோடன எல்லா மீனும் அந்தப் பக்கம் ஓடிட்டுது. உங்கட ராசிக்கு இந்த ஆறே வத்திப்போகும் போல கிடக்கு."

அவர் சிரித்தார். வழமையான சிரிப்புத்தான். பிறகு நூலைச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்து, ஊசியில் இருந்த ஈரலை அவிழ்த்துத் தண்ணீரில் எறிந்தார்.

"ஓம் தம்பி. அது உண்மைதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை தொலைபேசி எடுத்தார். "நான் வரேல்லை. நீ போ. என்னோட வந்தா உனக்கும் பிடிபடாது."

"சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. பகிடிக்குச் சொன்னது."

"எனக்குக் கோவமில்லையடா. உனக்கேன் என்ர பீடை?"

நான் தனியாகப் போனேன். அவர் இல்லாமலும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதை அவரிடம் அப்படியே சொல்லியிருந்தால் போதும், எவ்வளவோ பாரம் குறைந்திருக்கும். ஆனால் அன்று பின்னேரம் அவர் கேட்டபோது என் வாயில் வந்தது வேறு.

"ஒண்டு வடிவாக் கவ்விச்சுது அண்ணை. கரைக்குக் கிட்ட வந்து தப்பிட்டுது."

தூண்டில்காரன் பொய். ஊரெல்லாம் சொல்கிற பொய். "பாத்தியே, நான் வராம விட்டோடன வருது" என்றார். அவருடைய குரலில் எனக்காக உண்மையான சந்தோசம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஆவணியில் ஒருநாள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு வாசலில் இருந்த முக்காலியில் குந்தினாராம். அக்கா தேத்தண்ணியோடு வந்து பார்த்தபோது ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மற்றதன் நாடாவில் கையை வைத்தபடி சாய்ந்திருந்தார். மாரடைப்பு.

எட்டுக்கு ஒரு கெளிறு

இங்கே பிரேதம் எரிப்பதற்கும் முன்கூட்டியே நாளும் நேரமும் குறித்து தெர்மின் எடுக்க வேண்டும். எட்டுச்செலவும் நாள் பார்த்து வருவதில்லை, எல்லாருக்கும் லீவு கிடைக்கிற ஞாயிறு பார்த்துத்தான் வரும். எட்டு என்றால் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது. மச்சமும் படைக்கலாம், குடிக்கிறவர் என்றால் அதுவும் வைக்கலாம். ஆசை எதையும் விட்டுவிட்டு ஆத்மா அலையக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை நான் செத்தவீட்டில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன். கொலோனிலிருந்து வந்திருந்த மகள் அறைக்குள் படுத்திருந்தாள். தவமணி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஆட்டிறைச்சி, இறால் எல்லாம் பிள்ளையள் கொண்டருகினம். நான் உங்களிட்டக் கேக்கிறது வேறை."

"சொல்லுங்கோ அக்கா."

"அவர் ஒரு கெளிறு கெளிறு எண்டு கிடந்தவர். கடையில வாங்கிறது வேண்டாம். நீங்கள் ரெண்டுபேரும் போற ஆத்தில பிடிச்சது ஒண்டு படைக்க வேணும். உங்களால ஏலுமே?"

மூன்று கோடையில் கிடைக்காதது ஒரே நாளில் எப்படிக் கிடைக்கும்? ஆனால் ஒற்றைச் சப்பாத்தோடு செத்துப்போனவரின் பெண்சாதி முன்னால் நின்று கேட்கிறார். "ஓம் அக்கா, கொண்டாறன்" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை துருக்கி இறைச்சிக் கடை திறந்த கையோடு போய் ஈரல் வாங்கினேன். கணவாய் வாங்கவில்லை. மூன்று வருடச் சண்டையில் கடைசியாக அவரை வெல்லவிடலாம் என்று ஒரு எண்ணம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். தெருமுனைவரை நடந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை. அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றால், பின்னால் கதவு நிலையைத் திரும்பிப் பார்க்க வேண்டிவரும். அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்.

தூண்டில் பை ஏற்கனவே தோளில் இருந்தது. இரத்தம் ஊறிய பையோடு அப்படியே நிலக்கீழ் ரயிலில் ஏறினேன். இரண்டு தரிப்புத் தாண்டும் முன்னமே எதிரில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி வேறு பெட்டிக்குப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மடியில் இருந்த பையை இறுக்கிக் கட்டினேன். பையில் அவருடைய நூல் உருண்டையும் இருந்தது.

இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?

ஊசியில் ஈரலைக் கட்டும்போது கை முழுக்கச் சிவப்பு. எறிந்தேன். தண்ணீரில் விழுந்த இடத்தில் மங்கலாக ஒரு நிறம் பரவிக் கரைந்தது. அப்படி நான் முன்னம் கண்டதில்லை. கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு சிகரெட் முடிவதற்குள் தூண்டில் வளைந்தது.

அதை எப்படி இழுத்தேன் என்று கேட்காதீர்கள். என் கை நீளத்துக்கும் கூடுதலான கெளிறு. சட்டம் சொல்கிறபடி தலையில் அடித்து உயிரைப் போக்கி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, நிலத்தில் இருந்து அழுதேன். அப்போது நான் நினைத்தது என்ன தெரியுமா? யோகண்ணைதான் ஆற்றுக்குள் இருந்து அனுப்பிவிட்டிருக்கிறார் என்று. அந்த நினைப்போடு வீட்டுக்குப் போயிருந்தால் எவ்வளவு நிம்மதி!

கிறிஸ்டா தன் கதிரையை விட்டு எழும்பி வந்தாள். மீனைப் பார்த்தாள். பிறகு ஈரல் பையைக் குனிந்து மணந்தாள்.

"இன்றைக்குத்தான் உங்கள் இரை சரியாக நாறுகிறது" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இரத்தம் தண்ணீரில் கரைய வேண்டும். அதை மணந்துதான் வெல்ஸ் வரும். நீங்கள் இருவரும் இத்தனை நாளும் மஞ்சள் நிறத்தில், கழுவித் துடைத்து, வெள்ளை நூல் சுற்றி ஒன்று போடுவீர்களே, அதை எந்த மீன் தேடி வரும்?"

"இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?"

அவளுடைய முகம் சிவந்துவிட்டது. "அது உங்கள் சமயச் சடங்கு என்று நினைத்தேன். ஆற்றுக்கு ஏதோ காணிக்கை கொடுக்கிறீர்கள் என்று. மற்றவர்களுடைய நம்பிக்கையில் மூக்கை நுழைக்கக்கூடாதல்லவா?" பிறகு சுற்றிப் பார்த்தாள். "உங்கள் நண்பர் எங்கே? உயரமானவர்?"

சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மீனைப் பார்த்தபடி நின்றோம்.

ஓம் அக்கா

கெளிற்றை நானே சமைத்தேன். பழப்புளி விட்டு, வெந்தயம் போட்டு, தடித்த குழம்பு. அதை வெட்டிக் கழுவினபோது என் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போனது. ஒரு கணம் நின்றுவிட்டுப் போட்டேன். சமையலுக்கு அது சரிதானே.

படத்துக்கு முன்னால் வாழையிலை. சோறு, ஆட்டிறைச்சி, இறால், முட்டை, ஒரு சின்னக் கிளாஸில் பிராண்டி, நடுவில் கெளிற்றின் நடுத்துண்டு. தேவாரம் படித்து முடிந்ததும் அக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாத்தீங்களே தம்பி. மூண்டு வரியம் காத்துக்கொண்டிருந்த மனிசனுக்கு வராதது, அவர் போய் முடியத்தான் வருது. அவர் சொன்னது சரிதான். அவற்ற ராசி அப்பிடி."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சுற்றிவர சனம். மகள் அழுதுகொண்டு நிற்கிறாள். என் கை மஞ்சளாக இருந்தது.

"ஓம் அக்கா" என்றேன்.

படையலைப் பார்சலாகக் கட்டிச் சந்தியில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். பேர்லினில் சந்தியில் வைத்தால் காவல்துறைதான் வரும். நான் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஹாவெல் கரையில், அவர் எப்போதும் இருந்து தூண்டில் போட்ட இடத்தில், புல்லுக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. எனக்கு அன்று பார்க்கிற தைரியமும் இல்லை.

ஆறு ஞாயிறு

கிறிஸ்டா சொன்னது பிழையாக இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. அந்தக் கெளிறு பிடிபட்டதற்கு முதல்நாள் இடி மழை பெய்து ஆறு கலங்கியிருந்தது. மழையால்தான் மீன் வந்தது என்று சொல்லித் தப்பலாம். அதனால் பிறகு வந்த ஆறு ஞாயிறும் தனியே போனேன். இரண்டு தூண்டில். ஒன்றில் மூன்று தண்ணீரில் மஞ்சள் போட்டுக் கழுவிய ஈரல். மற்றதில் கடையில் வாங்கினபடியே ஈரல். இரண்டையும் ஒரே நூலால் கட்டினேன். இடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒருவருக்கும் அநியாயம் செய்யக்கூடாது, எனக்கும்தான்.

கழுவாத தூண்டில் நான்கு ஞாயிறு வளைந்தது. கழுவிய தூண்டில் ஒருநாளும் அசையவில்லை. ஆறாவது ஞாயிறு தூண்டில்களைக் கிறிஸ்டாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஸ்பண்டாவ் பக்கம் நான் போனதில்லை.

தவமணி அக்கா, இந்த வெள்ளிக்கிழமையும் நீங்கள் இதழ் வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரில் வந்து சொல்ல மூன்று தரம் புறப்பட்டேன். ஒருதரம் உங்கள் வீட்டு மணியில் விரல் வைத்துவிட்டும் திரும்பி வந்தேன். அந்த முக்காலி இன்னும் வாசலில் இருக்கும் என்று பயம்.

அன்று நான் சொன்ன "ஓம்" பொய். அண்ணையின் ராசியில் ஒரு குறையும் இல்லை. ஈரல் என்று அவர் சொன்னது சரி, இடம் சரி, முடிச்சுச் சரி, பொறுமை சரி. அவர் போட்ட ஒவ்வொரு தூண்டிலிலும் இருந்த இரையை நான்தான் கெடுத்துக் கொடுத்தேன். கெடுத்துக் கொடுத்ததும் போதாதென்று, உங்கட ராசி என்று பகிடியும் பண்ணினேன். கடித்தது என்று பொய்யும் சொன்னேன். அவர் தன்னைப் பீடை என்று நினைத்துக்கொண்டே செத்தார்.

என்னை மன்னிக்க வேண்டாம். ஒரேயொரு காரியம் செய்யுங்கோ. வழமைபோலத் தேத்தண்ணி ஊற்றி அவருடைய படத்துக்கு முன்னால் வையுங்கோ. வைத்துவிட்டு, இந்த அத்தியாயத்தை அவருக்குக் கேட்கிற மாதிரி உரத்து வாசியுங்கோ.